ஸ்பின்னர் முள்ளில் சேவல் இறகுக் குஞ்சம் கட்டும் முறை

ஒரே நேர்க்கம்பியில் சுழலும் உலோகத் தகடு, மணிகள், எடை தரும் உடல், தூண்டில் முள் ஆகியவற்றை வரிசையாகக் கோத்துச் செய்யப்படும் செயற்கை இரைக்கு ஸ்பின்னர் என்று பெயர். கம்பியின் முன்முனையில் உள்ள வளையத்தில் தூண்டில் நரம்பு கட்டப்படுகிறது. பின்முனை வளையத்தில் முள் தொங்குகிறது. இடையில், கிளெவிஸ் எனப்படும் சிறிய லாட வடிவ இணைப்பில் மாட்டப்பட்ட தகடு, இரை நீரில் இழுபடும்போது கம்பியைச் சுற்றிச் சுழன்று ஒளியையும் அதிர்வையும் எழுப்புகிறது. மீன்கள் தம் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உணர்வுறுப்பால் அவ்வதிர்வை உணர்ந்து நெருங்கி வருகின்றன. அருகில் வந்த மீன் வாய் வைக்கத்தக்க உருவம் ஒன்று தகட்டின் பின்னால் தெரிய வேண்டும். அவ்வுருவத்தை அமைப்பதே இறகுக் குஞ்சத்தின் வேலை.

பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே மெல்நார் 1938-இல் தொடங்கிய மெப்ஸ் நிறுவனத்தின் வழியாக இவ்வகை ஸ்பின்னர் உலகெங்கும் அறிமுகமாயிற்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆன்டிகோ என்ற ஊரில் மீன்பிடிக் கருவிக் கடை நடத்திவந்த டாட் ஷெல்டன், 1951-இல் உல்ஃப் ஆற்றில் மெப்ஸ் ஸ்பின்னர் கொண்டு டிரவுட் மீன்களைப் பிடித்த பின் அதனை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கினார். இன்றும் அந்நிறுவனம் முள்ளில் கட்டுவதற்கு அணில் வாலின் முடியையே பெரிதும் விரும்புகிறது. வேட்டைக்காரர்கள் உணவுக்காகச் சுட்ட அணில்களின் வால்களை அவர்களிடமிருந்தே விலைக்கு வாங்கிக்கொள்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் கிரேஞ்சர் நகரில் இயங்கும் யாக்கிமா பெய்ட் நிறுவனத்தின் ரூஸ்டர் டெயில் என்ற ஸ்பின்னரோ, அப்பெயருக்கு ஏற்ப, முள்ளைச் சுற்றி இறகுக் குஞ்சம் உடையது. வீட்டில் ஸ்பின்னர் செய்பவர்களுக்கு இவ்விரண்டாம் வழியே எளிது. ஏனெனில் சேவல் இறகு எங்கும் கிடைக்கும், ஓர் இறகைக் கொண்டே ஒரு முள்ளை முடித்துவிடலாம், முடியைப் போல் சிதறி விழுவதும் இல்லை.

இவ்வத்தியாயம் 2-ஆம் எண் தகடும் 8-ஆம் எண் மும்முனை முள்ளும் கொண்ட, ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் எடையுள்ள டிரவுட் ஸ்பின்னரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. தகட்டின் எண் கூடக்கூடத் தகடு பெரிதாகும். முள்ளின் எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதைப் புதியவர்கள் கடையில் மறந்துவிடக்கூடாது. மும்முனை முள் என்பது டிரெபிள் என்று வழங்கும், ஒரே தண்டிலிருந்து மூன்று கொக்கிகள் பிரியும் முள்ளாகும்.

இறகைத் தேர்ந்தெடுத்தல்

ஓர் இறகின் நடுவே ஓடும் விறைப்பான பகுதி தண்டு. தண்டின் இருபுறமும் வரிசையாகக் கிளைப்பவை இழைகள். ஒவ்வோர் இழையின் ஓரத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிழைகள் உள்ளன. நுண்ணிழைகள் நெருக்கமாக அமைந்த இடத்தில் இறகு பளபளப்பின்றி மங்கலாகவும் பட்டையாகவும் தோன்றும். இந்த அடர்பகுதி பெரும்பாலும் தண்டின் அடியில் அகன்று நுனியை நோக்கி ஒடுங்கிச் செல்லும். இறகை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அடர்பகுதி நிழலாகவும், நுண்ணிழை குறைந்த ஓரப்பகுதி கண்ணாடிபோல் ஒளி புகுவதாகவும் தெரியும். ஸ்பின்னருக்கான இறகைத் தேர்ந்தெடுப்பதில் இந்த ஒரு சோதனையே போதுமானது.

நீரின் மேல் மிதக்கும் ஈப்போலிகள் என்ற செயற்கைப் பூச்சி இரைகளைக் கட்டுபவர்கள், அடர்பகுதி மிகக் குறைந்து இழைகள் கம்பிபோல் விறைத்து நிற்கும் இறகையே நாடுகின்றனர். அத்தகைய இறகுக்காகவே அமெரிக்காவில் பல தலைமுறைகளாகச் சேவல்கள் தேர்ந்து வளர்க்கப்படுகின்றன. கொலராடோ மாநிலத்தின் வொயிட்டிங் பண்ணை இதற்குப் பெயர்பெற்றது. அங்கு விளையும் இறகின் விலை மிக அதிகம். ஸ்பின்னருக்கோ அதற்கு நேர்மாறான குணம் வேண்டும். விறைத்த இழை நீரோட்டத்தை எதிர்த்துக் குடைபோல் விரிந்து நிற்கும். மெல்லிய நுண்ணிழை அடர்ந்த இழை நீரை உறிஞ்சி முள்ளோடு படிந்து, தகட்டின் பின்னால் எழும் சுழிநீரில் ஒடுங்கி விரிந்து அசையும். ஈப்போலி கட்டுபவர் கழித்துப்போடும் மலிவான, அகன்ற, மங்கலான இறகே ஸ்பின்னருக்கு உயர்ந்தது என்பது இதனால் விளங்கும். பெயர்பெற்ற பண்ணையின் விலையுயர்ந்த இறகை வாங்கி ஸ்பின்னரில் கட்டுவது பணத்தை வீணாக்குவதுடன் இரையையும் கெடுப்பதாகும்.

சேவலின் உடலில் இறகு முளைக்கும் இடத்தைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. கழுத்திறகு குட்டையாகவும் தண்டு தடித்தும் இருக்கும்; ஒரே கழுத்துத் தோலில் மிகச் சிறிய இறகு முதல் விரல் நீள இறகு வரை பல அளவுகள் கிடைப்பது அதன் நன்மை. முதுகின் பின்புறத்திலிருந்து இடுப்பின் இருபக்கமும் தொங்கும் இடுப்பிறகு நீண்டு, தண்டு மெலிந்து வளைந்து கொடுப்பதால், முள்ளைச் சுற்றும்போது பிளவுபடுவதில்லை. தொடக்கநிலையினருக்கு இதையே பரிந்துரைக்கலாம். இடுப்பிறகுக்கும் வாலுக்கும் இடையே வளர்வதும் ஷ்லாப்பன் என்று கடைகளில் விற்கப்படுவதுமான அகன்ற இறகில் தண்டின் அடி முதல் நுனி வரை அடர்பகுதியே நிறைந்திருக்கும். 3-ஆம் எண் தகட்டுக்கு மேற்பட்ட பெரிய ஸ்பின்னர்களுக்கு இதனினும் பொருத்தமானது வேறில்லை. பெட்டைக்கோழியின் இறகு எல்லாவற்றினும் மென்மையானது. ஆனால் தண்டு எளிதில் அறுவதால் பயிற்சி பெற்ற கைக்கே அது ஒத்துவரும். மாராபூ என்ற பெயரில் விற்கும் வான்கோழியின் பஞ்சிறகு நீரில் அழகாக மூச்சுவிடுவதுபோல் அசையும் என்றாலும், அது முனைகளில் அடிக்கடி சிக்கிக்கொள்வதால் மும்முனை முள்ளுக்குத் தொல்லை தருகிறது.

மேலைநாட்டுக் கடைகளில் இந்தியன் கேப் என்ற பெயரில் விற்கும் கழுத்துத் தோல்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான சாதாரணச் சேவல்களுடையவை. நாட்டுச்சேவலின் சிவப்பு, கறுப்பு, பழுப்பு கலந்த அக்கழுத்திறகு சிறிய ஸ்பின்னர்களுக்கு ஏற்றது என்பதால், தமிழ்நாட்டில் இக்கலையைக் கற்க விரும்புபவர் இறக்குமதிப் பொருளைத் தேட வேண்டியதில்லை. இறைச்சிக் கடையில் நாட்டுச்சேவல் உரிக்கும் நாளில் சொல்லிவைத்தால் கழுத்துத் தோலும் இடுப்புத் தோலும் கிடைத்துவிடும். கறிக்கோழியின் வெள்ளை இறகு பெரும்பாலும் முதிராத பறவையினுடையதாகையால் குட்டையாகவும் நுனி மழுங்கியும் இருக்கும், அது பயன்படாது.

வெள்ளையும் கருஞ்சாம்பலும் மாறிமாறிக் குறுக்குப் பட்டையாக ஓடும் இறகு கிரிஸ்லி எனப்படுகிறது. பிளிமத் ராக் என்ற அமெரிக்கக் கோழியினத்தில் காணப்படும் நிற அமைப்பு இது. அப்பட்டைகள் சுழிநீரில் அசையும்போது உயிருள்ள பூச்சியின் கால்களைப் போன்ற துடிப்பு தோன்றுவதால், ஒரே ஒரு நிறத்தை மட்டும் வாங்கி வைப்பவர் கிரிஸ்லியை வாங்கலாம். 2011-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்களிடையே தலைமுடியில் நீண்ட கிரிஸ்லி இறகைச் செருகிக்கொள்ளும் நாகரிகம் பரவி, அழகு நிலையங்கள் மீன்பிடிக் கடைகளின் இருப்பை வாங்கிக் குவித்ததால், இறகு விலை பன்மடங்கு உயர்ந்து தூண்டில்காரர்கள் தவித்த கதையும் உண்டு. அந்நாகரிகம் நாடியது நீண்டு ஒடுங்கிய இறகையே என்பதால், அகன்ற இறகைக் கொண்டு பணிசெய்பவர்க்கு அதன் சூடு அவ்வளவாக உறைக்கவில்லை.

தொடக்கூடாத இறகுகள்

காட்டில் கிடக்கும் இறகு அனைத்தும் எடுத்துக்கொள்ளத் தக்கதன்று. அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின்படி, காப்புக்குரிய பறவையின் இறகைத் தானாக உதிர்ந்த நிலையில் தரையிலிருந்து பொறுக்குவதும் குற்றமாகும். வளர்ப்புக் கோழி, வான்கோழி, முறையாக வேட்டையாடப்பட்ட ஃபெசன்ட் முதலியவற்றின் இறகுக்கு இத்தடை இல்லை. தமிழ்நாட்டு வாசகர்க்கு இதைவிட நெருக்கமான செய்தி சாம்பல் காட்டுக்கோழியைப் பற்றியது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் இப்பறவையின் கழுத்திறகில் அரக்குத் துளி விழுந்ததுபோன்ற மஞ்சள் பொட்டுகள் இருக்கும். பிரிட்டனின் பழைய சால்மன் ஈப்போலிகளில் அப்பொட்டு மீன்கண்ணாக வைத்துக் கட்டப்பட்டதால், இங்கிருந்து பெருமளவில் தோல்கள் கப்பலேறின. இன்று 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டுக்கோழியைப் பிடிப்பதும் கொல்வதும் தண்டனைக்குரியன. மேலை நாடுகளில் இப்போது கூண்டில் வளர்க்கும் பறவைகளின் தோலே விற்பனைக்கு வருகிறது. ஸ்பின்னருக்கு அப்பொட்டு எவ்வகையிலும் தேவையில்லை.

கழுவுதலும் சாயமேற்றலும்

கடையில் பெற்ற பச்சைத் தோலில் ஒட்டியுள்ள கொழுப்பை மழுங்கிய கத்தியால் சுரண்டி, உட்புறத்தில் உப்பைத் தடவி உலரவிட்ட பின்னரே இறகைப் பிடுங்கிப் பிரிக்க வேண்டும். பிரித்த இறகுகளை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்து அலசி, நல்ல நீரில் இருமுறை கழுவி, செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்தினால் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் நீங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி முட்டைகளை அழிக்க, உலர்ந்த இறகைக் காற்றுப் புகாத உறையிலிட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்து அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் விட்டு, மீண்டும் ஒரு வாரம் உறையவைப்பது இறகு சேகரிப்பவர்களின் வழக்கம். முதல் குளிரில் தப்பிய முட்டை இடையில் பொரிந்தால் இரண்டாம் குளிரில் புழு மடியும்.

இறகு கெரட்டின் என்ற புரதத்தாலானது. ஆகவே கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயமே அதில் பிடிக்கும், பருத்திச் சாயம் பிடிக்காது. சோப்பு நீரில் நன்கு ஊறிய வெள்ளை அல்லது கிரிஸ்லி இறகைச் சாயநீரிலிட்டு, கொதிக்கவிடாமல் கை பொறுக்காத அளவுச் சூட்டில் வைத்து, நிறம் ஏறியதும் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்ற கணக்கில் வினிகர் சேர்த்தால் சாயம் நிலைக்கும். நீர் கொதித்தால் தண்டு முறுகிச் சுருண்டுவிடும்; சுருண்ட இறகை மீட்க வழியில்லை.

நிறத் தேர்வைப் பற்றி நூல்கள் பக்கம் பக்கமாக எழுதினாலும், உறுதியாகச் சொல்லக்கூடியது சிறிதே. நீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சிவிடுவதால், சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே சிவப்பு இறகு கறுத்துத் தெரியும். தெளிந்த ஆழமற்ற ஓடைக்குப் பழுப்பும் கிரிஸ்லியும், கலங்கிய நீருக்குக் கறுப்பு அல்லது மஞ்சட்பச்சையும் என்ற அளவில் தொடங்கினால் போதும்.

கருவிகளும் நூலும்

முள்ளை அசையாமல் பற்றும் சிறிய வைஸ், நூற்சுருளைத் தாங்கித் தொங்கும் பாபின் தாங்கி, கூரிய நுனியுள்ள கத்தரிக்கோல், இறகின் தண்டைப் பற்றிச் சுற்ற உதவும் இறகுக் கவ்வி, மரக்காம்பில் செருகிய தையல் ஊசி ஆகியவை அடிப்படைக் கருவிகள். இறகுக் கவ்விக்குப் பதிலாக, மின்னணுக் கடையில் கிடைக்கும் முதலைவாய்க் கிளிப்பின் பற்களில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகிக்கொண்டால் தண்டு நசுங்காமல் நிற்கும். பட்டறை வைஸ் இருப்பவர் அதன் தாடைகளுக்கிடையே ஒரு சிறு பூட்டுக் குறடைக் கிடையாகப் பிடித்து, அக்குறடில் முள்ளைப் பற்றவைத்தும் வேலையை முடிக்கலாம்.

நூலின் பருமன் டெனியர் என்ற அலகில் குறிக்கப்படுகிறது; 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே அதன் டெனியர். 8-ஆம் எண் முள்ளுக்கு 140 டெனியர் மெழுகிட்ட பாலியஸ்டர் அல்லது நைலான் நூலும், அதற்குப் பெரிய முள்ளுக்கு 210 டெனியரும் ஏற்றவை. சாதாரண தையல் நூல் தடித்து முறுக்கேறியிருப்பதால், நான்கு சுற்றிலேயே முள்ளின் கண்ணை அடைக்கும் மேடு உண்டாகிவிடும்.

முள்ளைப் பற்றி ஒரு முன்னெச்சரிக்கை உண்டு. பிடித்த மீனைத் திரும்ப விடவேண்டிய நீர்நிலைகள் பலவற்றில் முனையின் பின்முள் இல்லாத முள்ளையே விதிகள் அனுமதிக்கின்றன. சில இடங்களில் மும்முனை முள்ளுக்கே தடை உண்டு. பின்முள் என்பது கவ்விய மீன் நழுவாதிருக்க முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிச் சீவப்பட்ட சிறு செதில். அதைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கும்போது சில முட்கள் முனையோடு முறிந்துவிடும். ஆகவே இறகு கட்டும் முன்னரே நசுக்கிக்கொள்பவருக்கு முறிந்த முள் மட்டும் நட்டம், கட்டிய பின் நசுக்குபவருக்கு உழைப்பும் நட்டம்.

கட்டும் முறை

மும்முனை முள்ளின் ஒரு கொக்கியின் வளைவை வைஸில் பற்றி, தண்டு தரைக்குக் கிடையாகவும் கண் வலப்புறமாகவும் இருக்குமாறு நிறுத்த வேண்டும். இடக்கைக்காரர்க்கு எல்லாம் திசை மாறும். கண்ணிலிருந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டு நூலைத் தொடங்கி, தண்டின் மேற்புறமாகக் கட்டுபவரை விட்டு அப்பால் செல்லும் திசையில், முதற்சுற்றின் மேல் இரண்டாஞ்சுற்று ஏறி அதைப் பூட்டுமாறு ஐந்தாறு சுற்றுச் சுற்றி, தொங்கும் நூல்முனையை வெட்டிவிட வேண்டும். பின் கொக்கிகள் பிரியும் இடம் வரை நெருக்கமாக நூலைப் படியவிட்டுத் திரும்பினால் இறகு வழுக்காத அடிநூல் அமையும். வழவழப்பான உலோகத்தின்மேல் நேரடியாகக் கட்டிய இறகு, முதல் மீனிலேயே முழு வளையமாகத் திருகிக்கொள்ளும். அடிநூலைத் தவிர்ப்பவர்கள் பின்னர் இறகைக் குறை கூறுவதைக் காணலாம். கண்ணருகே விட்ட 2 மில்லிமீட்டர் இடைவெளியும் வீணன்று. கம்பி வளையத்தில் முள் தடையின்றி ஆட அதுவே இடம் தருகிறது.

இழையின் நீளம் முள்ளோடு பொருந்த வேண்டும். இறகின் நடுப்பகுதியை முள்தண்டின் மேல் வைத்து வளைத்தால் இழைகள் இருபுறமும் சிலிர்த்து நிற்கும். அவ்விழைகளைப் பின்னோக்கிப் படியவைத்துப் பார்க்கையில் அவற்றின் நுனி கொக்கியின் வளைவைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் நீண்டால் அளவு சரி. அதற்கு மேலும் நீண்டால் மீன் குஞ்சத்தின் நுனியை மட்டும் கவ்வி முள்ளில் சிக்காமல் போகும்; மிகவும் குட்டையானால் கொக்கிகள் பளிச்சென்று வெளியே தெரியும்.

தேர்ந்த இறகின் அடியிலுள்ள பஞ்சுபோன்ற பகுதியை உருவி எறிந்துவிட்டு, நுனியை ஒரு கையால் பற்றி, மற்றக் கையின் ஈரவிரல்களால் இழைகளை அடியை நோக்கி எதிர்த்திசையில் நீவினால், நுனியில் ஒரு சிறு முக்கோணமும் அதற்குக் கீழே இருபுறமும் பிரிந்து நிற்கும் இழைகளும் தெளிவாகும். அந்த முக்கோண நுனியையே அடிநூலின் மேல், கொக்கிகள் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் வைத்து, இறகின் பளபளப்பான வெளிப்பக்கம் கண்ணை நோக்கியும் மங்கலான உட்பக்கம் கொக்கிகளை நோக்கியும் இருக்குமாறு நான்கு இறுக்கமான சுற்றுகளால் கட்ட வேண்டும். இறகின் இயல்பான வளைவு உட்பக்கம் நோக்கியதாகையால், இவ்வாறு வைக்கும்போது இழைகள் தாமே பின்னோக்கிச் சாயும். பக்கம் மாறினால் அவை முன்னோக்கி விரிந்து நீரை வாரும். நுனியை முதலில் கட்டுவதற்கும் காரணம் உண்டு. தண்டு நுனியில் மெல்லியதாதலால் கட்டிய இடத்தில் மேடு எழாது. சுற்றச் சுற்ற நீளும் இழைகள், முன்னர்ச் சுற்றிய குட்டை இழைகளின் மேல் போர்த்திக்கொண்டு, பின்னால் ஒடுங்கிய உருவம் தருகின்றன. அடியை முதலில் கட்டினால் இவ்வரிசை தலைகீழாகி, குஞ்சம் பிதுங்கிய துடைப்பம்போல் தோன்றும்.

இதன்பின் நூலைக் கண்ணருகில் தொங்கவிட்டு, இறகின் அடித்தண்டை இறகுக் கவ்வியால் பற்றி, நூல் சென்ற அதே திசையில் முன்னோக்கிச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் முன்னே ஒட்டிப் படிய வேண்டும், மேலே ஏறக்கூடாது. ஒரு சுற்று முடிந்ததும் இடக்கை விரல்களை ஈரமாக்கி இழைகளைப் பின்னோக்கி நீவிக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்கினால், முன்னர்ச் சுற்றிய இழை எதுவும் புதிய சுற்றின் அடியில் மாட்டிக்கொள்வதில்லை. மாட்டிய இழையை ஊசியின் நுனியால் உடனே விடுவித்துவிட வேண்டும். விடுவிக்காவிட்டால், நூல் கட்டி முடிந்தபின் அவ்விழை வளைந்தே நிற்கும். இச்சுற்றுகளின்போது தண்டின் மீதுள்ள இழுவிசை ஒரே சீராக இருப்பது முக்கியம். இறுக்கம் தளர்ந்த ஒரு சுற்றில்தான் மீனின் பல் முதலில் மாட்டும்.

எத்தனை சுற்று என்பதில்தான் புதியவர் பலரும் வழுக்கி விழுகின்றனர். உலர்ந்த நிலையில் நிறைவாகத் தோன்றும் குஞ்சம் நீரில் மிகையாகிவிடும். 8-ஆம் எண் முள்ளுக்கு அகன்ற இடுப்பிறகு ஒன்றில் நான்கு சுற்று, மிகுந்தால் ஐந்து. அதற்கு மேல் வேண்டியதில்லை. குஞ்சம் தடிக்கத் தடிக்கப் பின்னிழுப்பு கூடி, மெதுவாக இழுக்கும்போது தகடு சுழலாமல் மடங்கி ஓடும். ஸ்பின்னரில் மீனைத் தொலைவிலிருந்து அழைப்பது தகடே; இறகு அதன் சுழற்சியைக் கெடுக்குமானால் அவ்விறகை வெட்டி எறிவதே முறை. உருவுக்கு அடர்த்தி வேண்டுமென்றால் சுற்றைக் கூட்டாமல், இறகுக்கு முன்பே தண்டில் கம்பளி நூலையோ ஷெனில் என்ற பூநூலையோ ஒரு படலம் சுற்றி உடலை உருவாக்கிக்கொள்ளலாம்.

கடைசிச் சுற்று முடிந்ததும் தண்டைக் கவ்வியோடு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நூலை அதன் மேல் மூன்று முறை இறுக்கிச் சுற்றி, முன்னால் மேலும் இரு சுற்றுப் போட்டபின், எஞ்சிய தண்டைக் கத்தரியின் நுனியால் ஒட்ட வெட்ட வேண்டும். இழைகளை எல்லாம் ஒரு கையால் பின்னோக்கிப் பிடித்து, அவற்றின் வேரின்மேல் இரண்டு மூன்று நூற்சுற்று ஏறுமாறு செய்தால் குஞ்சம் அழகாகப் பின்சாயும். முடிப்பதற்கு விப் ஃபினிஷ் என்ற முடிச்சு வழங்குகிறது. நூலில் ஒரு கண்ணி விட்டு, கண்ணியின் ஒரு பக்கத்தால் நூலின் எஞ்சிய முனையையும் முள்தண்டையும் சேர்த்து ஐந்து முறை சுற்றி, பின் அம்முனையை இழுத்துக் கண்ணியை மூடுவதே அதன் அமைப்பு. அது கைவரும்வரை ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அரைமுடிச்சு இட்டாலும் தாங்கும். நூலின் தலைப்பகுதியில் நிறமற்ற நகப்பூச்சை ஊசி நுனியால் தொட்டுவைத்து, உலர்ந்தபின் இன்னொரு பூச்சுக் கொடுக்க வேண்டும். பூச்சு முள்ளின் கண்ணுக்குள் வழிந்தால் ஈரம் காயும் முன்னரே இறகுத் தண்டு ஒன்றை அதில் நுழைத்து இழுத்து எடுத்துவிடலாம்.

டிரவுட்டின் பல் சிறியதாயினும் கூரியது. வெளியே தெரியும் இறகுத் தண்டை அது எளிதில் அறுத்துவிடும். உறுதியை விரும்புபவர், இறகின் நுனியைக் கட்டும் இடத்திலேயே மெல்லிய செப்புக்கம்பி ஒன்றையும் கட்டிவைத்து, இறகைச் சுற்றி முடித்தபின் அக்கம்பியை எதிர்த்திசையில் இரண்டு மூன்று சுற்றாக இழைகளுக்கிடையே ஓட்டிக் கட்டுகின்றனர். கம்பி ஒவ்வோர் இறகுச் சுற்றையும் குறுக்கே வெட்டிச் செல்வதால், தண்டு ஓரிடத்தில் அறுந்தாலும் குஞ்சம் முழுதும் பிரிந்துவிடாது. இழைகள் கம்பியின் கீழ் மடியாதபடி அதனைச் சற்றே ஆட்டி ஆட்டிச் சுற்ற வேண்டும்.

வேறு இரு முறைகள்

மும்முனை முள்ளின் தண்டில் கொக்கிகளுக்கிடையே இயல்பாக மூன்று பள்ளங்கள் உள்ளன. ஒரே அளவான மூன்று சிறு இறகு நுனிகளை எடுத்துப் பள்ளத்துக்கு ஒன்றாகக் கட்டினால் சிறுமீனை ஒத்த நீண்ட உருவம் கிடைக்கும். அதற்கு முன்னால் இரண்டு சுற்று இறகு வளையம் இட்டுக் கட்டை மறைக்கலாம். பைக் போன்ற பெரிய மீன்களுக்கான ஸ்பின்னர்களில் இம்முறை பொருந்தும்.

முள்ளை விடுத்து ஸ்பின்னரின் கம்பியிலேயே, உலோக உடலுக்குப் பின்னால் இறகு சுற்றுவோரும் உண்டு. முள் மழுங்கினால் முள்ளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் வசதி. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி மிகவும் வழுக்குவதால், பின்வளையத்தின் இரட்டைக் கம்பிப் பகுதியில் அடிநூல் சுற்றி உடனடிப் பசையை ஒரு துளி ஊறவிட்டு, அது காய்ந்த பின்னரே இறகைத் தொடங்க வேண்டும். இங்கு இழை நீளத்தை முள்ளுக்கு எட்டுமாறு கூட்ட வேண்டியிருப்பதால் ஷ்லாப்பன் இறகே உதவும். உழைப்பையும் பயனையும் சேர்த்துப் பார்த்தால் முள்ளில் கட்டுவதே மேல்.

கோத்தலும் சோதித்தலும்

முள்ளை முதலில் கட்டி முடித்து, அதன் பின்னரே ஸ்பின்னரில் கோக்க வேண்டும். 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள எஃகுக் கம்பியின் ஒரு முனையில் வட்டமூக்குக் குறடால் வளையம் செய்து, முள்ளை அதில் மாட்டி, கம்பிமுனையை மூன்று நெருங்கிய சுற்றாக முறுக்கி மூடியபின், உடல், மணி, தகடு மாட்டிய கிளெவிஸ், மீண்டும் ஒரு சிறுமணி என்ற வரிசையில் கோத்து முன்வளையத்தை முடிக்க வேண்டும். தகட்டின் குழிந்த பக்கம் கம்பியை நோக்கி இருக்க வேண்டும். கிளெவிஸுக்குக் கீழே வழவழப்பான உருண்டை மணி இருந்தால்தான் உராய்வு குறைந்து தகடு எளிதில் சுழலும்.

சோதனைக்கு ஓடை தேவையில்லை; பெரிய தொட்டி நீரில் ஸ்பின்னரை ஒரு முழ நூலில் கட்டி நடைவேகத்தினும் மெதுவாக இழுத்துப் பார்த்தால் போதும். தகடு உடனே சுழன்று, குஞ்சம் முள்ளோடு ஒடுங்கி அதன் நுனி மட்டும் துடித்தால் வேலை செம்மை. தகடு தயங்கினால் முதலில் கிளெவிஸும் மணியும் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்த்து, அங்கே குறையில்லாதபோது வெளிப்புற இழைகளில் சிலவற்றை அடியோடு கிள்ளி எடுக்கலாம். இழைகளின் நுனியைக் கத்தரியால் சமமாக வெட்டுவது பெருந்தவறு. கூர்ந்து ஒடுங்கும் நுனியே அசையும் உறுப்பு, அதை இழந்த இறகு நீரில் கட்டையாக நிற்கும். ஸ்பின்னர் முழுவதும் சேர்ந்து சுழன்று நரம்பை முறுக்குமானால் அது இறகின் குறையன்று. முன்வளையத்துக்கு அரை மீட்டர் முன்னே ஸ்விவல் என்ற சுழல் இணைப்பு ஒன்றைக் கட்ட, முறுக்கு பெரிதும் குறையும்.

பயன்படுத்திய ஸ்பின்னரை ஈரத்தோடு பெட்டியில் மூடிவைத்தால் இறகு நசுங்கிய வடிவிலேயே காய்ந்து, முள்ளும் துருவேறும். நல்ல நீரில் அலசிக் காற்றில் உலர்த்தியபின் எடுத்துவைப்பதும், நசுங்கிய குஞ்சத்தைக் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் சில நொடிகள் காட்டி விரலால் நீவி நிமிர்த்துவதும் போதுமான பராமரிப்பு. இழை உதிர்ந்த பழைய குஞ்சத்தைச் சவர அலகால் தண்டின் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டு அதே முள்ளில் புதிய இறகைக் கட்டலாம். அதற்குமுன் முள்முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நகத்தில் பிடித்தால் கூர்மை உண்டு, வழுக்கினால் சிறு அரத்தால் தீட்ட வேண்டும். துரு ஆழமாக அரித்த முள்ளைக் குப்பையில் போடும்போதும் முனைகளைக் குறடால் வெட்டிவிட்டே போட வேண்டும்.